அமெரிக்காவில் தங்கம், வெள்ளி வாங்கும்போது மாநில விற்பனை வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கக் காசோ வெள்ளிக் கட்டியோ வாங்கும்போது பில்லில் சேல்ஸ் டாக்ஸ் ஏறுமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: பொருள் எந்த வடிவில் இருக்கிறது, ஒரே பில்லில் எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள், அது எந்த மாநிலத்தில் உங்கள் கைக்கு வருகிறது. இந்த மூன்றையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். 2025, 2026-ல் பல மாநிலங்கள் விதியை மாற்றியிருப்பதால், இணையத்தில் சுற்றும் பழைய பட்டியல்களை நம்பி வாங்குவது ஆபத்து.

இந்தியாவில் ஜிஎஸ்டி போல நாடு முழுக்க ஒரே வரி கிடையாதா?

கிடையாது. அமெரிக்க மத்திய அரசு விற்பனை வரியே வசூலிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு விகிதம் வைத்திருக்கிறது. அதன் மேல் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), நகரம் என்று உள்ளூர் வரியும் சேரும். நியூயார்க் நகரத்தில் மொத்தம் 8.875 சதவீதம். டெக்சாஸில் மாநில வரி 6.25 சதவீதம், உள்ளூர் வரி சேர்ந்தால் அதிகபட்சம் 8.25. கலிபோர்னியாவில் குறைந்தபட்சமே 7.25.

மாநில விற்பனை வரி இல்லாதவை ஐந்து: ஓரிகன், டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா. அலாஸ்காவில் மட்டும் சில ஊர்கள் தாங்களாகவே உள்ளூர் வரி போடுகின்றன.

எந்த வடிவத்துக்கு வரி, எதற்கு விலக்கு?

விலக்கு கொடுக்கும் மாநிலங்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: இந்தப் பொருளின் விலை அதிலுள்ள உலோகத்தால் வருகிறதா, வேலைப்பாட்டால் வருகிறதா? உலோகத்தால் என்றால் அது 'புல்லியன்', அதாவது முதலீட்டுத் தங்கம். சுத்திகரிப்பு ஆலை முத்திரையோடு வரும் கட்டி, பார், ரவுண்டு (காசு வடிவில் இருந்தாலும் அரசாங்கம் வெளியிடாதது) எல்லாம் இதில் சேரும். அரசாங்கம் வெளியிட்ட காசுகளைப் பெரும்பாலான மாநிலங்கள் இதோடு சேர்த்தே விலக்குகின்றன.

அமெரிக்கன் ஈகிள் தங்கக் காசு 22 காரட். ஆனாலும் ஒரு அவுன்ஸ் காசில் முழு அவுன்ஸ் சுத்தத் தங்கம் இருக்கும், செம்பும் வெள்ளியும் அதற்கு மேல் சேர்ந்தவை. பஃபலோ என்ற இன்னொரு அமெரிக்கக் காசு, கனடாவின் மேப்பிள் லீஃப் இரண்டும் 24 காரட். இங்கே அவுன்ஸ் என்றால் ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம், நம் கணக்கில் நான்கு சவரனுக்குச் சற்றுக் குறைவு.

வெள்ளிக் குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், தட்டு, டம்ளர் ஆகியவை எவ்வளவு சுத்தமான வெள்ளியானாலும் புல்லியன் ஆகாது. லட்சுமி உருவம் பொறித்த காசு கொஞ்சம் நடுவில் நிற்கும் பொருள். சுத்திகரிப்பு ஆலை எடையும் தரமும் பொறித்து, உலோக மதிப்பை ஒட்டிய விலையில் விற்றால் புல்லியனாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. நகைக்கடை தானே அடித்து, பரிசுப் பெட்டியில் வைத்து விலையை ஏற்றி விற்றால் வரி போடுவார்கள் என்றே எதிர்பாருங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் வினோதங்களும் உண்டு. மினசோட்டாவில் கட்டிக்கும் ரவுண்டுக்கும் விலக்கு, காசுக்குக் கிடையாது. செம்புக் கட்டி விலையுயர்ந்த உலோகமாகவே கருதப்படாததால் பல மாநிலங்களில் அதற்கு வரி உண்டு.

22 காரட் சங்கிலி, வளையல், தாலி: எங்காவது வரியில்லாமல் கிடைக்குமா?

விற்பனை வரி உள்ள எந்த மாநிலத்திலும் கிடைக்காது. முதலீட்டுத் தங்கத்துக்கு முழு விலக்கு தரும் டெக்சாஸிலும் நகைக்கு வரி உண்டு. தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மீதுதான் வரி. 'தங்கத்துக்குத்தானே விலக்கு, செய்கூலிக்கு மட்டும் வரி போடுங்கள்' என்று கேட்பவர்கள் நிறைய; கடைக்காரரால் அப்படிப் பிரிக்க முடியாது.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மினசோட்டா மாநிலங்களில் துணிமணிக்கு வரி கிடையாது. அதைப் பார்த்து, உடம்பில் அணிவதுதானே, நகைக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டங்களே நகையைத் துணிமணியில் சேர்ப்பதில்லை. தாலி என்பதற்காகவோ சமயப் பொருள் என்பதற்காகவோ தனி விலக்கும் இல்லை.

காசைக் கொக்கி வைத்துப் பதக்கமாக்கினாலும் அது நகைதான். காசுமாலையும் அப்படியே.

ஆகவே சேமிப்புக்கு வாங்கும் தங்கத்தையும் போட்டுக்கொள்ள வாங்கும் தங்கத்தையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு இப்போதே சேர்க்கிறோம் என்று பத்து வருடம் முன்னதாக இங்கே வளையலாக வாங்கி வைப்பவர்கள், வரி, செய்கூலி இரண்டையும் இன்றே கட்டிவிடுகிறார்கள். விற்றாலோ மாற்றினாலோ அவை திரும்பி வராது. கட்டியாகவோ காசாகவோ சேர்த்துவிட்டு, வேண்டிய நேரத்தில் நகையாக்குவது பெரும்பாலான மாநிலங்களில் லாபம்.

பழைய நகையைக் கொடுத்துப் புதிது வாங்கினால் வித்தியாசத்துக்கு மட்டும் வரியா?

இதுதான் மாநிலத்துக்கு மாநிலம் அதிகமாகப் பணம் மாறும் இடம்.

5,000 டாலர் சங்கிலி வாங்குகிறீர்கள், பழைய நகைக்குக் கடை 3,000 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். டெக்சாஸின் ஹூஸ்டனில் மாற்றாகக் கொடுத்த பொருளின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதி 2,000-க்கு மட்டும் 8.25 சதவீதம், அதாவது 165 டாலர் வரி. கலிபோர்னியாவில் அந்தக் கழிவு கிடையாது. முழு 5,000-க்கும் வரி, 7.25 சதவீதம் மட்டுமே என்றாலும் 362.50 டாலர், உள்ளூர் வரி சேர்ந்தால் இன்னும் கூடும்.

நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் கடை மறுவிற்பனைக்காக எடுத்துக்கொள்ளும் பழைய பொருளின் மதிப்பு கழியும். ஆனால் பரிமாற்றம் ஒரே பில்லில் இருக்க வேண்டும். பழைய நகையை விற்றுக் கையில் செக் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அந்தப் பணத்தில் புதிது வாங்கினால் அது இரண்டு தனி வியாபாரம். முழு விலைக்கும் வரி வரும். பில்லில் பழைய நகையின் எடை, காரட், கொடுத்த மதிப்பு ஆகியவை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள்.

முதலீட்டுத் தங்கத்துக்கு எத்தனை டாலருக்கு வாங்கினாலும் விலக்கு தரும் மாநிலங்கள் எவை?

தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் டெக்சாஸ், பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன், இல்லினாய், ஒஹாயோ, அரிசோனா ஆகியவற்றைச் சொல்லலாம். டெக்சாஸ் 2013 அக்டோபர் வரை 1,000 டாலர் எல்லை வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. டென்னசி 2022-ல் விலக்கு கொடுத்தது. ஃபுளோரிடாவில் முன்பு 500 டாலருக்கு மேல் வாங்கினால்தான் கட்டிக்கு விலக்கு. 2025 ஆகஸ்ட் 1 முதல் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் புல்லியனுக்கு அந்த எல்லை இல்லை.

விலக்கு ஒருமுறை வந்துவிட்டால் நிலையாக இருக்கும் என்று நம்பக் கூடாது. ஒஹாயோ 2019-ல் எடுத்துவிட்டு 2021 அக்டோபரில் திருப்பிக் கொடுத்தது.

கலிபோர்னியாவின் 2,000 டாலர் எல்லை எப்படி வேலை செய்கிறது?

2023 ஜனவரி 1 முதல், ஒரே பரிவர்த்தனையில் 2,000 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள தங்க, வெள்ளிக் கட்டிகளும் காசுகளும் வாங்கினால் வரி இல்லை. அதற்கு முன் எல்லை 1,500. எல்லைக்குக் கீழே இருந்தால் முதல் டாலரிலிருந்தே வரி. எல்லையைத் தாண்டினால் மொத்தத்துக்கும் இல்லை.

10 கிராம் கட்டி ஒன்று 1,100 டாலர் என்று வையுங்கள். இன்று ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று என்று வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 79.75, மொத்தம் 159.50 டாலர் வரி, அதுவும் குறைந்தபட்ச விகிதத்தில். இரண்டையும் ஒரே பில்லில் வாங்கினால் சைபர். இரண்டு பில்களைப் பிறகு சேர்த்துக் காட்டி விலக்கு கேட்க முடியாது. மாதாமாதம் சிறுசிறு கட்டியாகச் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கலிபோர்னியாவில் இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்குவதே நல்லது.

எல்லையைத் தொடுவதற்காக ஒரு தோட்டையும் பில்லில் சேர்த்தால் பலிக்காது. விலக்குக்குரிய பொருள்கள் மட்டுமே கணக்கில் வரும். பிளாட்டினம் வாங்குகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் கட்டிக்கான விலக்கு தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டும்தான். பிளாட்டினத்தை அரசு வெளியிட்ட காசாக வாங்கினால் விலக்குக்குள் வரும், கட்டியாக வாங்கினால் வராது.

நியூயார்க்கில் 1,000 டாலருக்கு மேல் வாங்கியும் வரி போட்டார்களே, ஏன்?

நியூயார்க்கில் இரண்டு நிபந்தனைகள். தொகை 1,000 டாலரைத் தாண்டுவது முதலாவது. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். விற்கும் விலை உலோக மதிப்பைவிட மிகவும் உயர்ந்திருக்கக் கூடாது என்பது இரண்டாவது. வெள்ளிக் காசுக்கு உலோக மதிப்பில் 140 சதவீதம் வரை, கால் அவுன்ஸோ அதற்குக் குறைவோ உள்ள தங்கக் காசுக்கு 120 வரை, மற்ற எல்லாவற்றுக்கும் 115 வரை.

தங்கம் அவுன்ஸ் 3,000 டாலர் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் ஈகிளில் 300 டாலர் தங்கம், எல்லை 360. கடை 365-க்கு விற்றால் எல்லை மீறிவிட்டது. அப்படிப் பத்துக் காசு வாங்கி 3,650 டாலர் கொடுத்தாலும் முழுத் தொகைக்கும் வரி, நியூயார்க் நகரத்தில் ஏறத்தாழ 324 டாலர். அதற்குப் பதில் ஒரு அவுன்ஸ் காசு வாங்கியிருந்தால் எல்லை 3,450. உலோக மதிப்புக்கு மேல் கடை வைக்கும் கூடுதல் விலையான பிரீமியம் சாதாரண அளவில் இருந்தால் அதைத் தாண்டவே தாண்டாது.

சின்னக் காசுகளில் பிரீமியம் எப்போதும் அதிகம், ஏனென்றால் அடிக்கும் செலவு எடையோடு சேர்ந்து குறைவதில்லை. சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடிக்கும் ப்ரூஃப் காசு, பெட்டியும் சான்றிதழுமாக வரும் சேகரிப்புக் காசு ஆகியவையும் இதே காரணத்தால் மாட்டும். வாங்கும் நேரத்துச் சந்தை விலையை (ஸ்பாட் விலை) கைபேசியில் பார்த்து, காசிலுள்ள உலோகத்தின் மதிப்பைக் கணக்கிட்டு, விற்பனை விலையை அதால் வகுத்துப் பாருங்கள். கடைக்காரரிடமும் அந்த நேரத்து ஸ்பாட் விலையைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சி?

2025 ஜனவரி 1 வரை காசுக்கும் கட்டிக்கும் வரி இருந்தது. அதன் பிறகு 1,000 டாலருக்கு மேல் வாங்கும் முதலீட்டுக் கட்டிகளுக்கும் குறிப்பிட்ட முதலீட்டுக் காசுகளுக்கும் விலக்கு. எடிசன் நகரத்தின் ஓக் ட்ரீ ரோட்டிலுள்ள இந்தியக் கடைகளில் பெரும்பாலும் விற்பது நகை என்பதால் அங்கே 6.625 சதவீதம் வழக்கம்போல வரும். அதே கடையில் கட்டியும் வாங்கினால் அதைத் தனிப் பில்லாகப் போடச் சொல்லுங்கள். நகைக்கென்று அமைத்த பில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடும்.

மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களிலும் 1,000 டாலர் எல்லைதான்.

சியாட்டில், பெல்வியூ பக்கம் இருப்பவர்களுக்கு என்ன மாறியது?

நிறைய. வாஷிங்டன் மாநிலம் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த விலக்கை 2025-ல் சட்டம் போட்டு நீக்கியது. 2026 ஜனவரி 1 முதல் கட்டிக்கும் காசுக்கும் முழு விற்பனை வரி. மாநில வரி 6.5 சதவீதம், சியாட்டிலில் உள்ளூர் வரியோடு 10-ஐத் தாண்டும். 3,000 டாலர் காசுக்கு 300 டாலருக்கு மேல் வரி கட்டி வாங்கினால், தங்கம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் போட்ட பணமே திரும்பும். சேமிப்புக்காக வாங்குகிறவர்களுக்கு இது மிகப் பெரிய அடி.

மேரிலாந்தும் இதே வழியில் போனது. 1,000 டாலருக்கு மேல் வாங்கினால் இருந்த விலக்கு, 2025 ஜூலை 1 முதல் பால்டிமோர் கன்வென்ஷன் சென்டரில் நடக்கும் விற்பனைக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. மற்ற இடங்களில் 6 சதவீதம்.

அப்படியானால் பக்கத்து ஓரிகனிலுள்ள போர்ட்லாந்துக்குப் போய் வாங்கி வந்தால் போதுமே?

ஓரிகன் கடைக்காரர் உங்களிடம் வரி வாங்க மாட்டார், உண்மை. ஆனால் வரிக் கடமை அதோடு முடிவதில்லை. விற்பனை வரி உள்ள மாநிலங்களில் அதற்கு ஜோடியாக 'யூஸ் டாக்ஸ்' என்ற பயன்பாட்டு வரி உண்டு. வெளியே வரி கட்டாமல் வாங்கிய, உள்ளூரில் வரிக்குரிய பொருளைச் சொந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்தால், அதே விகிதத்தை வாங்கியவரே நேரடியாகக் கட்ட வேண்டும். வெளிமாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அது கழியும்.

வாஷிங்டனில் தனிநபர் வருமான வரிப் படிவமே இல்லாததால், யூஸ் டாக்ஸுக்கு வருவாய்த் துறையிடம் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் வருமான வரிப் படிவத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அங்கே சைபர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய் வாக்குமூலம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

பொருளைக் கடையிலேயே வாங்கிக்கொண்டு, வெளிமாநில முகவரிக்கு வெறும் பெட்டியை அனுப்பச் சொல்லும் தந்திரம் பழையது. அதில் கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்தே மாட்டுவார்கள். டைகோ நிறுவனத்தின் தலைவராக இருந்த டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கி மீது 2002-ல் மன்ஹாட்டனில் போட்ட வழக்கு, ஓவியங்களுக்கான பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட விற்பனை வரியை இப்படி ஏய்த்ததாகத்தான். யாராவது கடையில் இதைச் சலுகைபோலச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்லைனில் வெளிமாநிலக் கடையில் வாங்கினால்?

பொருள் வந்து சேரும் முகவரியின் விதிதான் பொருந்தும். 2018 ஜூன் 21-ல் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாவிட்டாலும் அங்கே போதிய வியாபாரம் செய்யும் நிறுவனத்தை வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பெரிய காசு வியாபாரிகள் எல்லோரும் முகவரியைப் பார்த்து வரியைத் தானாகவே சேர்த்துவிடுகிறார்கள். சிறிய வியாபாரி வசூலிக்காமல் விட்டால் யூஸ் டாக்ஸ் உங்கள் பொறுப்பு.

எல்லைத் தொகை உள்ள மாநிலத்தில் ஒரே ஆர்டராகப் போடுங்கள். இணையதளம் கையிருப்பு இல்லாமல் ஆர்டரை இரண்டாகப் பிரித்து இரண்டு இன்வாய்ஸ் போட்டால் உடனே தொடர்புகொண்டு ஒன்றாக்கச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பல வியாபாரிகள் கூடுதல் விலை வைக்கிறார்கள். அது வரியல்ல, பேங்க் வயர் அல்லது செக்கில் கட்டினால் தவிர்க்கலாம்.

டெலவேர் பெட்டகத்தில் வைத்தால் வரி இல்லையாமே?

டெலவேரில் விற்பனை வரி இல்லாததால், வாங்கிய தங்கம் நேராக அங்குள்ள பெட்டகத்துக்குப் போனால் வாங்கும்போது வரி வராது. பெட்டக வாடகையும் காப்பீடும் ஆண்டுதோறும் உண்டு. பின்னாளில் வீட்டுக்கு வரவழைத்தால், உங்கள் மாநிலத்தில் அந்தப் பொருளுக்கு வரி இருக்கும் பட்சத்தில் யூஸ் டாக்ஸ் கேள்வி எழும். பெட்டகத்திலிருந்தே விற்பதாக இருந்தால்தான் இந்த வழி முழுப் பலன் தரும்.

தங்க ஈடிஎஃப், அதாவது தங்கத்தின் விலையைத் தொடரும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி, வாங்கினால் அது பங்குபோல. விற்பனை வரி என்ற பேச்சே இல்லை.

சென்னையில் வாங்கிய நகையைக் கொண்டுவரும்போது மாநில வரி வருமா?

வரலாம், குறிப்பாகக் கலிபோர்னியாவில். விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் கொடுக்கும் அறிவிப்பைப் பார்த்து, மாநில வரித் துறை பிறகு யூஸ் டாக்ஸ் கேட்டுக் கடிதம் அனுப்புவதுண்டு. வெளிநாட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த பொருளில் முதல் 800 டாலருக்கு விலக்கு; மீதிக்கு வரி. இந்தியாவில் கட்டிய ஜிஎஸ்டி இதில் கழியாது, ஏனெனில் வேறு அமெரிக்க மாநிலத்துக்குக் கட்டிய வரிக்குத்தான் கழிவு.

இதற்காகச் சுங்கத்தில் மறைக்கவே கூடாது. நகை பறிமுதலாகும் அளவுக்கு அது போய்விடும். அம்மா கொடுத்த நகை, பாட்டியிடமிருந்து வந்த நகை போன்றவை விலைக்கு வாங்கியவை அல்ல. யூஸ் டாக்ஸ் வாங்கிய பொருளுக்குத்தான். ஆகவே எது வாங்கியது, எது பரம்பரையாக வந்தது என்று பில், புகைப்படம், மதிப்பீட்டுச் சான்றோடு பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் நகைக்கும் கிளம்புமுன் படம் எடுத்து வையுங்கள்.

வரி போடக் கூடாத இடத்தில் போட்டுவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பில் நகல், பொருளின் எடையும் தரமும், எந்த விலக்கின்கீழ் கேட்கிறீர்கள் என்பது, நியூயார்க் என்றால் அன்றைய ஸ்பாட் விலை ஆகியவை போதும். வியாபாரி இன்னும் அரசுக்குக் கட்டவில்லை என்றால் உடனே திருப்பித் தருவார். அவர் மறுத்தால், நியூயார்க் போன்ற மாநிலங்களில் வாங்கியவரே வரித் துறையிடம் நேரடியாகத் திரும்பக் கேட்கலாம். கலிபோர்னியா போன்றவற்றில் வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

பில்லில் வெறும் 'கோல்டு ஐட்டம்' என்று எழுதியிருந்தால் இந்த வேலை எதுவும் நடக்காது. காசா கட்டியா, யார் வெளியிட்டது, எத்தனை அவுன்ஸ், என்ன தரம் என்று எழுதி வாங்குங்கள்.

விற்கும்போதும் விற்பனை வரி உண்டா?

உங்கள் காசைக் கடைக்காரருக்கு விற்கும்போது நீங்கள் விற்பனை வரி கட்ட வேண்டியதில்லை. லாபத்துக்கு வருமான வரி வேறு கதை: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த தங்கம், வெள்ளியை மத்திய அரசு சேகரிப்புப் பொருளாகக் கருதி, லாபத்தில் அதிகபட்சம் 28 சதவீதம் வரை வரி போடுகிறது. வாங்கும்போது விற்பனை வரி கட்டியிருந்தால் அதையும் வாங்கிய விலையோடு சேர்த்துக் கணக்குக் காட்டலாம். லாபம் அந்த அளவுக்குக் குறையும். அதற்காகவாவது வாங்கிய பில்லை, விற்று முடித்துக் கணக்குத் தாக்கல் செய்து சில ஆண்டுகள் ஆகும்வரை பத்திரமாக வைத்திருங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.